நான்காம் நாள் இரத்தம்

கா-பத்தொன்பது.
குழாயில் ஒட்டிய சீட்டில் அவ்வளவுதான்.
பெயர் எனக்குத் தரப்படுவதில்லை.
தருவது முறையுமில்லை.

கௌனாஸில் ஜனவரி.
நான்கரை மணிக்கே ஆற்றங்கரை விளக்குகள் எரிகின்றன.
நுண்ணோக்கி அறைக்கு இருட்டு வேண்டும்,
ஆகவே எனக்குப் புகார் இல்லை.

நீல வட்டம் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளணுவின் உட்கரு.
அதற்குள் பச்சையாய் ஒரு புள்ளி எரிந்தால்
அங்கே டி.என்.ஏ.யின் இரண்டு இழையும்
ஒருசேர அறுந்திருக்கிறது என்று பொருள்.
சரியாகச் சொன்னால்
புள்ளி காட்டுவது அறுந்த இடத்தை அல்ல,
அறுந்ததென்று கேட்டு ஓடிவந்து கூடியவர்களை.
விபத்து நடந்த தெருமுனையை
தூரத்திலிருந்தே கூட்டத்தால் அறிவோமே, அப்படி.

மாத்திரைக்கு முன் எடுத்த குழாயில்
நூறு செல்லுக்கு இருபத்தெட்டு.
விழுங்கி நான்கு மணி நேரத்தில்
நூற்றாறு.

அயோடின் தேடிப்போனது வேறொன்றை.
கத்தி எடுத்த தைராய்டில் கத்திக்குத் தப்பிய துணுக்கு
கழுத்தில் எங்கோ ஒளிந்திருக்கலாம், அதைச் சுட வந்தது.
ஆனால் இரத்தத்தில் நீந்தித்தானே போக வேண்டும்.
ஒரு தப்பும் செய்யாத இவை
அந்த வழியில் குடியிருந்தன.

குழாய்களை ஈயப்பெட்டியில் கொண்டுவரும் அவுட்ரோனே
சொல்லக் கூடாததைக் கொஞ்சம் சொல்லிவிடுவாள்.
டிராலிபஸ் ஓட்டுகிறவளாம்.
கனத்த கதவுக்குப் பின்னால்
நாளெல்லாம் குறுக்கெழுத்துப் போடுகிறாளாம்.
எச்சில் சுரக்கத் தந்த எலுமிச்சை மிட்டாயை
இது மருந்தா தின்பண்டமா என்று கேட்டாளாம்.
போகும்போது இந்தப் பென்சிலை எடுத்துப் போகலாமா
என்றும் கேட்டாளாம்.
கூடாது.

ஒப்பிட ஒரு சாதாரண இரத்தம் வேண்டும்.
ஆள் கிடைக்காத நாளில் என் கையை நீட்டுவேன்.
எனக்கு நூற்றுக்கு இருபத்திரண்டு.
முதல் தடவை நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
இருபத்துமூன்று.
எதையும் விழுங்காதவள் நான்;
மூச்சு விட்டதற்கும்
வெறுமனே உயிரோடு இருந்ததற்கும்
இவ்வளவு அறுபடுமா?
அன்று மதியம் சூப்பை
வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தேன்.

நான்காம் நாள் குழாய்: முப்பத்தொன்பது.

பதினொன்று மிச்சம்.
அது பிழை வரம்புக்குள்தான் என்கிறார் தாட்விலா,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
இருக்கலாம்.
அணைந்த அறுபத்தேழும்
அதனதன் முனையோடுதான் சேர்ந்தனவா,
அவசரத்தில் அயல் முனையைப் பிடித்துக்கொண்டனவா,
அதைப் புள்ளி சொல்லாது.
கூட்டம் கலைந்தது என்பதுவரைதான் என் கணக்கு.

அட்டவணையை மூடினேன்.
கா-இருபது வந்தான், இருபத்தொன்று வந்தாள்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம்
சவனோரியு சாலை வளைவில்
நான் ஏறியிருந்த டிராலிபஸ் குலுங்கி நின்றது.
விளக்கெல்லாம் அணைந்தது.
கூரையின் இரண்டு கொம்பும்
ஒருசேரக் கம்பியை விட்டுத் துள்ளி
ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

ஓட்டுநர் இறங்கினாள்.
ஆரஞ்சுக் கையுறை.
கழுத்தைச் சுற்றி இறுக்கமாய் மஃப்ளர்;
அந்தக் குளிரில்
பாதிப் பேர் அப்படித்தான் சுற்றியிருந்தோம்.
பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து
அண்ணாந்து பார்த்து
ஒரு கொம்பைச் சேர்த்தாள்.
இன்னொன்று வழுக்கியது.
மறுபடி வழுக்கியது.
என் பக்கத்துக் கிழவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
எந்தக் கம்பிக்கு எந்தக் கொம்பு என்று
அவள் யோசித்த மாதிரியே தெரியவில்லை.

பெயரைக் கேட்கவில்லை.
கேட்டாலும் நான் எதனோடு ஒப்பிடுவேன்?
இவளை அறிந்தவள் என்றால்கூட
ஒரு முகமும் இல்லாமல்,
முந்நூறு நீல வட்டங்களாக.

செம்புக் கம்பியில் கொம்பு தொட்ட கணம்
பச்சையாய் ஒரு பொறி.

கோட்டுப் பைக்குள்
என் கட்டைவிரல்
தானாக ஒரு தடவை அழுந்தியது.